கச்சேரியில் யார் உட்காரலாம்?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்வதும் எழுந்துவிடுவதுமாக மூன்று வருஷம் ஓடிவிட்டது. காரணம், நான் செய்த ஒரு காரியம் இதில் வருகிறது. வயது எழுபதைத் தாண்டியாகிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று இப்போது எழுதிவிடுகிறேன்.

1980களின் கடைசி. சேலத்தில் ஒரு மார்கழிக் கச்சேரி. எந்த மண்டபம், யார் பாடினார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எனக்கு முன் வரிசையில் ஓர் அம்மா, பக்கத்தில் எட்டு ஒன்பது வயசுப் பையன். பாடகர் ஆலாபனையைத் தொடங்கியதும் பையன் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். கூடவே ‘ம்ம்ம்’ என்று நீளமாக ஒரே முனகல். ஐந்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு முன்னால் குனிந்து, “பையனை வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா, பாட்டுக் கேக்கணுமில்ல” என்றேன். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல தடவை கேட்டுப் பழகியவர் போலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பையன் கையைப் பிடித்து எழுந்து போனார். போகிற வழியெல்லாம் அதே ‘ம்ம்ம்’. கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. பையன் பிடித்திருந்தது தம்புராவின் ஷட்ஜம். இம்மி பிசகவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த பெரியவர்களில் எத்தனை பேரால் அப்படிப் பிடித்து நிறுத்தியிருக்க முடியும்?

அன்று வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். இருபது வருஷம் கழித்து என் மகளுக்கு மகன் பிறந்தான். மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். அரசுத் தமிழில் மதியிறுக்கம். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. சேலம் மண்டபத்தில் இறுகிப் போயிருந்தது யாருடைய மதி என்று எனக்குத் தெரியும். பேரனின் பெயரை எழுத வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை.

பேரனுக்குப் பேச்சு குறைவு, காது மிக அதிகம். நாமக்கல்லில் இருப்பவர்களுக்கு லாரி ஹாரன் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏர் ஹாரன் கேட்டால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். ஆனால் சாயங்காலம் வீட்டில் சும்மா இருக்கும்போது அதே ஹாரனின் சுருதியை முனகுவான். கேசட்டில் ஐந்தரைக் கட்டையில் கேட்ட பாட்டை அவன் அம்மா நாலு கட்டையில் பாடினால் அவள் வாயைப் பொத்துவான். நம் சங்கீதத்தில் ஸட்ஜத்துக்கு நிலையான இடம் இல்லை, அவரவர் குரலுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறோம். அவனுக்கோ ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு முகம் உண்டு. முகத்தை மாற்றினால் அது வேறு ஆள். இப்படி ஒலியை அதனதன் இடத்திலேயே அடையாளம் காணும் சக்தி பொதுவாக அபூர்வம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள்.

சொந்தக் கதை இவ்வளவு போதும். இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே எங்கள் வாத்தியார் ஒருவர் காட்டுப் பையன் விக்தோரின் கதையைச் சொல்வார். 1800இல் பிரான்ஸின் அவேரோன் பகுதிக் காடுகளிலிருந்து வெளியே வந்தவன். பன்னிரண்டு வயது இருக்கலாம், பேச்சில்லை. பாரிஸில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவர் இதார் அவனைத் தன் பொறுப்பில் வைத்துக் கற்றுக்கொடுத்தார். 1970இல் த்ரூஃபோ இதைப் படமாக எடுத்து, இதார் வேஷத்தில் தானே நடித்தார்.

இதார் எழுதிவைத்த குறிப்பு ஒன்று இன்னும் மனசில் நிற்கிறது. பின்னால் துப்பாக்கி வெடித்தால்கூட விக்தோர் பெரிதாக அசையமாட்டான். அக்ரூட் கொட்டையை உடைக்கும் சின்னச் சத்தம் கேட்டால் சட்டென்று திரும்புவான். அப்படியானால் காது செவிடு இல்லை, கேட்கிற முறை வேறு. இதாருக்கு அது புரிந்தது. விக்தோருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள், மறுத்தவர்களும் உண்டு. இறந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை நமக்கு வேண்டாம். அந்த அக்ரூட் சத்தத்தை மட்டும் மறக்க வேண்டாம்.

இதாரின் மாணவர் செகேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி தர முடியும் என்று பிரான்ஸில் செய்து காட்டி, 1850 வாக்கில் அமெரிக்கா போனார். 1866இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ‘குருட்டு டாம்’ என்ற பியானோக்காரரைப் பற்றி எழுதினார். டாம் 1849இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர், கண் பார்வை இல்லாதவர். பேச்சில் சொந்தமாகச் சில சொற்களே. ஆனால் ஒரு முறை கேட்ட இசையைத் திரும்ப வாசித்துவிடுவார். இடது கையில் ஒரு பாட்டு, வலது கையில் இன்னொன்று, வாயில் மூன்றாவது என்று ஒரே சமயத்தில் நடத்துவார். 1860இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி புக்கானன் முன் வாசித்தார். சொந்தமாக இசையும் அமைத்தார், அதில் உள்நாட்டுப் போரின் ஒரு சண்டையைப் பியானோவில் காட்டும் உருப்படி பேர்பெற்றது.

இவ்வளவு பெற்றவருக்கு அந்தப் பணம் சேரவில்லை. கைக்குழந்தையாக அவரை வாங்கிய பெத்யூன் குடும்பம் ஊர் ஊராகக் கூட்டிப்போய்ச் சம்பாதித்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் ‘காப்பாளர்’ என்ற பெயரில் அதே குடும்பத்தின் பிடி தொடர்ந்தது. யாருடைய காப்பில் இருப்பார் என்று கோர்ட்டில் வழக்கு நடந்தது. 1908இல் இறந்தார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அவர் மேடைக்குப் போனது பாட்டுக் கேட்கவா, அதிசயம் பார்க்கவா என்பது என் சந்தேகம். இன்றும் வாட்ஸப்பில் ‘அதிசயச் சிறுவன்’ என்று வருகிற வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு டாம் ஞாபகம்தான் வருகிறது.

செகேனுடைய வழி இன்னொரு பக்கமாக நம் ஊர் வரைக்கும் வந்தது. இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி, இதார், செகேன் இருவருடைய எழுத்தையும் தன் கைப்பட மொழிபெயர்த்துப் படித்தவர். அவர் உண்டாக்கிய கல்விச் சாதனங்களில் ஒரே மாதிரி தோற்றமுள்ள மணிகள் உண்டு. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தட்டிக் கேட்டு ஒரே சுருதி உள்ளவற்றை ஜோடி சேர்க்க வேண்டும். அந்த அம்மாள் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்தம் காரணமாக அடையாறிலும் கொடைக்கானலிலும் வருஷக்கணக்கில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆகவே இன்று நம் தெருவில் ‘மாண்டிசோரி’ என்று போர்டு மாட்டிய பள்ளிகளுக்குப் பூர்வீகம் தேடினால், சாதாரணப் பிள்ளைகளிடம் போய் நிற்காது. விக்தோர் போன்ற பிள்ளைகளிடம் போய் நிற்கும்.

ஆட்டிசம் என்ற தனி நிலையை 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளை வைத்து விவரித்தார். அந்தக் கட்டுரையில் எங்கு பார்த்தாலும் சங்கீதம்தான். ஒரு பையன் ஒன்றரை வயதில் பதினெட்டு சிம்பொனிகளைப் பிரித்தறிந்தான். முதல் பையன் டொனால்ட் ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிசகாமல் முனகினான். அந்த டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்து, சொந்த ஊர் பாங்கில் வேலை பார்த்து, கோல்ஃப் விளையாடி, ஊராரின் அன்போடு வாழ்ந்து 2023இல் 89 வயதில் காலமானார். கணக்கெழுதும் வேலை, நம்ம தொழில். படித்தபோது எனக்குத் தனி சந்தோஷம்.

1959இல் இங்கிலாந்தின் சன்ஃபீல்டு என்ற குழந்தைகள் இல்லத்தில் பால் நார்டாஃப், கிளைவ் ராபின்ஸ் என்ற இருவர் இன்னொரு படி மேலே போனார்கள். பிள்ளை எந்தச் சத்தம் போடுகிறதோ, அழுகையானாலும் மேசையைத் தட்டுவதானாலும், அதையே பல்லவியாக எடுத்துக்கொண்டு பியானோவில் பதில் சொன்னார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கும். பிறகு அது தட்டும், இவர்கள் வாசிப்பார்கள். சேலத்தில் அந்தப் பையனின் ‘ம்ம்ம்’ எனக்குத் தொந்தரவாகக் கேட்டது. இவர்கள் இருந்திருந்தால் அதைச் சுருதிப் பெட்டியாக வைத்துக்கொண்டு பாடியிருப்பார்கள்.

நம் காலத்தில் டெரெக் பாராவிசினி இருக்கிறார். 1979இல் குறைமாதத்தில் பிறந்த ஆங்கிலேயர். பார்வை இல்லை, ஆட்டிசம் உண்டு. சிறு வயதில் முஷ்டியாலும் முழங்கையாலும் பியானோவைக் குத்திக்கொண்டிருந்தவரை ஆடம் ஆக்கெல்ஃபோர்டு என்ற ஆசிரியர் வருஷக்கணக்கில் கூட உட்கார்ந்து பழக்கினார். இன்று பெரிய மேடைகளில் வாசிக்கிறார். டாமுக்கு ஒரு முதலாளி வாய்த்தார், டெரெக்குக்கு ஒரு குரு வாய்த்தார்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் டெரெக் இல்லை. என் பேரனும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேண்டியது மேடை அல்ல, கீழே ஓர் இடம். அங்கேதான் என் போன்றவர்கள் குறுக்கே உட்கார்ந்திருக்கிறோம்.

கச்சேரியில் வாயைத் திறக்காமல் அசையாமல் இருக்க வேண்டும் என்ற சட்டம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பார்கள். அங்கேயும் அது புதுசுதான். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி அரங்கேறியதைப் பற்றி மொசார்ட் தன் தகப்பனாருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. பாதி வாசிக்கும்போதே ஜனங்கள் கைதட்டினார்கள் என்று அவர் சந்தோஷப்படுகிறார், கோபப்படவில்லை. அப்படித் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தே அந்த இடத்தை எழுதியிருந்தார். அரங்கை இருட்டாக்கி, எல்லோரும் மேடையையே பார்த்து மூச்சுக் காட்டாமல் உட்காரும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் மெல்ல வளர்ந்தது. 1876இல் வாக்னர் ஜெர்மனியில் கட்டிய பைராய்ட் அரங்கம் அதற்குப் பெரிய முன்மாதிரி ஆயிற்று.

நம் சங்கீதமோ கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் வீதி உலாவிலும் வளர்ந்தது. ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தபோது கேட்டவர்கள் சாமி பின்னால் நடந்துகொண்டே கேட்டார்கள், திண்ணையில் படுத்துக்கொண்டே கேட்டார்கள். டிக்கெட், நாற்காலி வரிசை, மூன்று மணி நேரக் கச்சேரி எல்லாம் சபாக்கள் வந்த பிறகு ஏற்பட்டவை. சென்னை மியூசிக் அகாடமியே 1928இல் தொடங்கியதுதான்.

அப்படியும் நம் சபாக்களில் மௌனம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். தொடையில் பட்பட்டென்று தாளம் போடுகிறோம். ‘பேஷ்’ என்கிறோம். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதிப் பேர் காப்பிக்கு எழுந்து போகிறோம். அவர்களை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை. கனடாவின் கிளென் கூல்டு பியானோ வாசிக்கும்போதே முனகுவார். அது இசைத்தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. தகப்பனார் செய்து கொடுத்த ஒரே குட்டை நாற்காலியில்தான் கடைசி வரை உட்காருவார். மேதையின் வழக்கம் என்று ரசிக்கிறோம். அதே முனகலைக் கீழே ஒரு பையன் செய்தால் வெளியே அனுப்புகிறோம். மௌனம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் அதையாவது ஒரு நியாயம் என்று சொல்லலாம். இது ஆள் பார்த்துக் கேட்கிற மௌனம்.

கொஞ்சம் ஆபீஸ் விஷயம். நான் வேலையில் இருந்தபோது 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை எண்ணியது. ஆட்டிசம் அதில் இல்லை. பிள்ளையைக் கூட்டி வருகிற தாய்மார்களின் மனுவில் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற கட்டத்தில்தான் டிக் போட வேண்டும். நானும் போட்டிருக்கிறேன். 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயர் ஏறியது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வகைகள் 21 ஆயின, ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியாது. மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகக் கலை, பண்பாடு, பொழுதுபோக்கு எல்லாவற்றிலும் பங்கெடுக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. கச்சேரி கேட்பதும் அதில் சேர்த்தி.

வெளிநாட்டில் இதைச் செயலில் காட்டியிருக்கிறார்கள். பாரிஸில் 2005இல் இப்படிப்பட்ட பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து பார்க்கும் சினிமாக் காட்சிகள் தொடங்கின. சத்தம் குறைவு, விளக்கு முழுதாக அணையாது, எழுந்து நடக்கலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம். பிறகு நாடகம், ஒபெரா வரை அந்த வழக்கம் பரவியது. 2011 அக்டோபரில் நியூயார்க் பிராட்வேயில் ‘லயன் கிங்’ நாடகத்தை அப்படி ஒரு நாள் நடத்தினார்கள். திடீர் ஒலியையும் கண்ணைப் பறிக்கும் ஒளியையும் தணித்து, வெளிக்கூடத்தில் அமைதியான மூலை ஒன்றும் வைத்தார்கள். 2017இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் கச்சேரி வரிசையிலேயே ஒரு நாள் இதற்காக ஒதுக்கப்பட்டது.

2015இல் நியூயார்க்கில் வேறொரு நாடகத்தின் நடுவில் ஒரு பிள்ளை கத்திவிட்டது. கூட்டம் அந்தத் தாயைத் திட்டியது. அன்று மேடையில் நடித்த கெல்வின் மூன் லோ என்ற நடிகர் இரவே அந்தத் தாய்க்காகப் பரிந்து எழுதினார். நாடகம் எல்லோருக்கும்தானே, அந்த அம்மா பிள்ளையை அழைத்து வந்தது தைரியம் என்பது அதன் சாரம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்கெல்லாம் லண்டனும் பாரிஸும் போக வேண்டாம் என்பதை எனக்குக் காட்டியது நம் ஊர்க் கூத்துதான். சில வருஷங்களுக்கு முன் ராசிபுரம் பக்கம் உறவுக்காரர் ஊரில் மாரியம்மன் பண்டிகை. ராத்திரி கூத்து. பேரனைக் கூட்டிப்போக மகளுக்குப் பயம். “ஒரு அஞ்சு நிமிசம் பாத்துட்டு வந்துரலாம் கண்ணு” என்று நான்தான் சொன்னேன்.

கூத்துக்களத்துக்குக் கதவு இல்லை. பாய் விரித்துப் பாதிப் பேர் தூங்குகிறார்கள். பிள்ளைகள் ஓடுகிறார்கள். டீக்கடையில் நின்று பார்ப்பவர்கள் ஒரு பக்கம். பேரன் முதலில் காதைப் பொத்தினான். ஒலிபெருக்கிக் குழாய் அப்படி, அதில் கூத்தையும் புகழ முடியாது. பிறகு தானாகவே பின்னால் நடந்து நடந்து, ஒரு புளியமரத்தடியில் போய் நின்றான். அவனுக்கு எவ்வளவு தூரம் சரி என்று அவனே அளந்து கண்டுபிடித்தான். அங்கிருந்து ஆடிக்கொண்டே ஹார்மோனியத்தின் சுருதியை முனகினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுச்சாமத்தில் மத்தளம் சட்டென்று நின்ற இடத்தில் அவன் பெரிதாக ஒரு சத்தம் போட்டான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். களத்தில் இருந்த கோமாளி வேஷக்காரர் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்து, “அங்கிருந்து ஒரு ராசா உத்தரவு போடறாரு, கேட்டுக்கங்கப்பா” என்று சொல்லி ஒரு கும்பிடும் போட்டுவிட்டுக் கதைக்குத் திரும்பினார். கூட்டம் சிரித்தது. அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனையும் சேர்த்துக்கொண்டு சிரித்தது. ஐந்து நிமிஷம் என்று போனவர்கள் விடிகிறவரை இருந்தோம்.

இதைப் படிக்கிற அன்பர்களில் பலர் கோயில் கமிட்டியிலோ பஜனை மடத்திலோ ஓய்வூதியர் சங்கத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவில் ஒரு மணி நேரக் கச்சேரி ஒன்றை இப்படி வையுங்கள். பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அணைத்துவிடுங்கள். பக்கக் கதவு ஒன்றைத் திறந்தே வையுங்கள், அதன் அருகே பாய் போடுங்கள். வேட்டுப் போடுவதானால் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். என்னென்ன பாட்டு, எந்த வரிசையில் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். தொடங்கும்போது மைக்கில், ‘ஆடலாம், நடக்கலாம், முனகலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நன்கொடை ரசீதுப் புத்தகத்தை எடுக்க வேண்டிய செலவு இதில் எதுவுமே இல்லை.

அந்தச் சேலத்துப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறானோ, அந்த அம்மா இருக்கிறாரோ இல்லையோ. அவர்கள் கண்ணில் இது பட்டால் மன்னிப்புக் கேட்டதாக வைத்துக்கொள்ளட்டும். நான் இப்போதெல்லாம் கச்சேரிக்குப் போனால் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். யாராவது ஒரு தாய் பிள்ளையோடு எழுந்து வெளியே போகப் பார்த்தால், “இருங்கம்மா, கேக்கட்டும்” என்று சொல்ல அதுதான் வசதியான இடம்.